திருப்பாடுகளின் தியானம்

திருப்பாடுகளின் தியானம் என்பது, இயேசு கிறிஸ்து கைது செய்யப்பட்டது முதல் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது வரையிலான துன்ப நிகழ்வுகளை, கிறித்தவர்கள் தவக்காலத்தில் வரிசையாக நினைவுகூர்ந்து மன்றாடும் பக்தி முயற்சிகளைக் குறிக்கும் பொதுப்பெயர் ஆகும். சிலுவைப் பாதை, வியாகுல மாதா பக்தி, சிலுவையில் மொழிந்த ஏழு வாக்கியங்களைப் பற்றிய தியானம், பாடுகளின் வரலாற்றை வாசித்தல், பாஸ்கு நாடகம் ஆகியன இதன் முக்கிய வடிவங்கள். உலகெங்கும் உள்ள கத்தோலிக்கர், லுத்தரன், ஆங்கிலிக்கன் மரபினரிடையே இது காணப்படுகிறது. இக்கட்டுரை தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இம்மரபு பெற்ற வடிவங்களுக்கு, குறிப்பாக முகையூர், திண்டிவனம் உள்ளிட்ட விழுப்புரம் வட்டாரத்திற்கு, கூடுதல் இடம் அளிக்கிறது.

பெயர்

விவிலியத்தில் இயேசுவின் துன்பங்களைக் குறிக்கத் தமிழ்க் கிறித்தவர்கள் பயன்படுத்தும் சொல் 'பாடு' என்பதாகும். இது 'படு' என்னும் வினையடியிலிருந்து பிறந்தது. அன்றாடத் தமிழில் 'பட்ட பாடு' என்றால் துன்பம். 'பாடுபட்டுச் சேர்த்தது' என்றால் உழைப்பு. இவ்விரு பொருளும் ஒரே சொல்லில் அமைந்திருப்பதால், ஐரோப்பிய மொழிகளில் இதற்கு இணையாக வழங்கும் சொற்களைவிடத் தமிழ்ச் சொல் உழவர்க்கும் கூலித் தொழிலாளர்க்கும் நெருக்கமாக ஒலிக்கிறது எனலாம். கத்தோலிக்கர் 'திரு' என்னும் அடைமொழி சேர்த்துத் 'திருப்பாடுகள்' என்பர். சீர்திருத்தச் சபையினர் 'கிறிஸ்துவின் பாடுகள்' என்றே வழங்குகின்றனர்.

காலத்தின் பெயரும் சபைக்குச் சபை மாறுபடுகிறது. கத்தோலிக்கர் 'தவக்காலம்' என்று கூறுவதை மூத்த தலைமுறையினர் 'தபசு காலம்' என்பர். தென்னிந்தியத் திருச்சபையினரும் லுத்தரன் சபையினரும் 'லெந்து காலம்' என்பர். கத்தோலிக்கரின் 'திருநீற்றுப் புதன்' பிற சபையினருக்குச் 'சாம்பல் புதன்' ஆகும். பழைய கத்தோலிக்க மன்றாட்டு நூல்களில் இயேசு 'சேசுநாதர்' எனப்படுகிறார். 1995இல் கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து வெளியிட்ட திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்புக்குப் பின் 'இயேசு' என்னும் வடிவமே எங்கும் நிலைத்தது. எனினும் 'சேசு' ஆட்பெயர்களிலும் பாடல்களிலும் இன்றும் வாழ்கிறது.

காலம்

தவக்காலம் திருநீற்றுப் புதனன்று தொடங்குகிறது. ஞாயிற்றுக் கிழமைகளைத் தவிர்த்துப் புனித சனி வரை எண்ணினால் 40 நாட்கள் வரும். இயேசு பாலைநிலத்தில் 40 நாட்கள் நோன்பிருந்தார் என்னும் நற்செய்திக் குறிப்பே இவ்வெண்ணிக்கைக்கு அடிப்படை. உயிர்ப்பு ஞாயிறு நிலவின் சுழற்சியைக் கொண்டு கணிக்கப்படுவதால் திருநீற்றுப் புதன் மிக முன்னதாகப் பெப்ரவரி 4இலும், மிகப் பிந்தியதாக மார்ச் 10இலும் வரக்கூடும்.

விழுப்புரம் வட்டாரத்தில் இது சம்பா அறுவடை முடிந்து வெயில் ஏறத் தொடங்கும் காலம். கரும்பு வெட்டும், இவ்வட்டாரத்தில் மல்லாட்டை எனப்படும் நிலக்கடலையின் பிடுங்கலும் நடைபெறும் மாதங்களும் இவையே. எனவே வெள்ளிக்கிழமை வழிபாடுகள் வயல்வேலை முடிந்து பொழுது சாய்ந்தபின் நடப்பது வழக்கம்.

தவக்காலத்தில் குருக்கள் ஊதா நிறத் திருவுடை அணிவர். பீடத்தில் மலர் அலங்காரம் தவிர்க்கப்படும். 'அல்லேலூயா' பாடப்படுவதில்லை. திருமண விழாக்களைப் பெரும்பாலோர் ஒத்திவைப்பர். கத்தோலிக்கச் சட்டப்படி திருநீற்றுப் புதனும் புனித வெள்ளியும் நோன்பு நாட்கள். வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி விலக்கப்படும். பல பங்குகளில் புனித வெள்ளியன்று கோயில் வளாகத்திலேயே கஞ்சி காய்ச்சி அனைவருக்கும் வழங்குகின்றனர்.

இங்கு ஒன்றைக் குறிப்பிட வேண்டும். தவக்காலம் முழுவதும் இயேசுவின் துன்பங்களுக்கே உரியது என்னும் எண்ணம் மக்களிடையே பரவலாக உள்ளது. ஆனால் திருச்சபையின் வழிபாட்டு நூல்கள் அவ்வாறு அமையவில்லை. தொடக்க வாரங்களின் வாசகங்கள் இயேசுவின் சோதனை, உருமாற்றம், மனமாற்றம், திருமுழுக்கு ஆகியவற்றைப் பற்றியவை. தவக்காலத்தின் இரு தன்மைகளாகத் திருமுழுக்கையும் தவத்தையும் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு குறிப்பிடுகிறது. திருப்பாடுகளின் வரலாறு இறுதி வாரத்திலேயே முழுமையாக வாசிக்கப்படுகிறது. பழைய நாட்காட்டியில் ஐந்தாம் ஞாயிறு 'பாடுகளின் ஞாயிறு' எனப்பட்டது. அன்று முதல் சிலுவைகளும் சுரூபங்களும் ஊதாத் துணியால் மூடப்பட்டன. ஆறு வாரமும் பாடுகளைத் தியானிக்கும் வழக்கம் மக்கள் பக்தியால் உருவானது. அதனாலேயே அது நூல்களில் உள்ளதைவிட வலிமையாக நிலைத்துள்ளது.

விவிலிய அடிப்படை

திருப்பாடுகளின் வரலாறு நான்கு நற்செய்திகளிலும் உள்ளது. மத்தேயு 26, 27. மாற்கு 14, 15. லூக்கா 22, 23. யோவான் 18, 19 ஆகியன அவ்வதிகாரங்கள். நிகழ்வுகளின் வரிசை நான்கிலும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பினும் நோக்கு வேறுபடுகிறது. மாற்குவில் இயேசு கைவிடப்பட்டவராகக் கதறி இறக்கிறார். லூக்காவில் தம்மைக் கொல்பவர்களுக்காக மன்றாடி, உடன் அறையப்பட்ட குற்றவாளிக்கு ஆறுதல் கூறி இறக்கிறார். யோவானில் எல்லாம் நிறைவேறியது என்று அறிவித்து, தாமே உயிரைக் கையளிப்பவராகக் காட்சி தருகிறார். இவற்றை ஒன்றாக இணைத்து ஒரே கதையாகச் சொல்வது தியான மரபின் இயல்பு. ஏழு வாக்கியங்களின் தியானமும் இத்தகைய இணைப்பே. ஏழும் எந்த ஒரு நற்செய்தியிலும் சேர்ந்து காணப்படுவதில்லை.

கத்தோலிக்க வழிபாட்டில் குருத்து ஞாயிறன்று மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகியோரின் வரலாறு மூன்றாண்டுச் சுழற்சியில் வாசிக்கப்படுகிறது. புனித வெள்ளியன்று எல்லா ஆண்டும் யோவானின் வரலாறே வாசிக்கப்படும். அன்றைய முதல் வாசகம் எசாயா நூலில் உள்ள துன்புறும் ஊழியனைப் பற்றிய பகுதி (52:13 முதல் 53:12 வரை) ஆகும்.

வரலாறு

எருசலேமில் 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் நடந்த புனித வார வழிபாட்டைப் பற்றி எகேரியா என்னும் பெண் பயணி எழுதிய குறிப்புகள் கிடைத்துள்ளன. இயேசு துன்புற்ற இடங்களுக்கே மக்கள் கூட்டமாகச் சென்று அங்கங்கே உரிய பகுதியை வாசித்ததையும், மக்கள் அழுததையும் அவர் பதிவு செய்துள்ளார். இடத்தோடும் நடையோடும் இணைந்த இம்முறையே பிற்காலச் சிலுவைப் பாதைக்கு வித்து எனலாம்.

நடுக்காலத்தில் இயேசுவின் மனித இயல்பின் மீதும் அவருடைய காயங்களின் மீதும் கொண்ட பக்தி ஐரோப்பாவில் வளர்ந்தது. இதில் அசிசி நகர் பிரான்சிசுக்கும் (1182–1226) அவரது சபையினருக்கும் பெரும் பங்கு உண்டு. 1342இல் எருசலேமின் புனித இடங்களைக் காக்கும் பொறுப்பு பிரான்சிஸ்கன் சபையினரிடம் ஒப்படைக்கப்பட்டது. எருசலேம் செல்ல இயலாதோருக்காக அப்புனித இடங்களின் நகல்களை ஐரோப்பிய ஊர்களில் அமைக்கும் வழக்கம் 15ஆம் நூற்றாண்டில் பரவியது. 1731இல் திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமெண்ட் எல்லாக் கோயில்களிலும் சிலுவைப் பாதையை நிறுவ இசைவளித்து, நிலைகளின் எண்ணிக்கையை 14 என வரையறுத்தார். போர்ட் மொரீஸ் நகர லெயோனார்டு (1676–1751) என்னும் பிரான்சிஸ்கன் குரு 500க்கும் மேற்பட்ட இடங்களில் இதனை நிறுவினார். அவற்றுள் 1750இல் உரோமைக் கொலோசேயத்தில் நிறுவியது புகழ்பெற்றது.

இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாரின் 'ஆன்மீகப் பயிற்சிகள்' என்னும் நூலில் மூன்றாம் வாரம் முழுவதும் திருப்பாடுகளுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. காட்சியை மனக்கண்முன் நிறுத்தி அதனுள் தாமும் ஒருவராக நிற்பது அப்பயிற்சியின் முறை. மதுரை மறைபணித் தளத்திற்கு வந்தோர் இயேசு சபையினர் என்பதால் இம்முறை தமிழ்ப் பக்தி இலக்கியத்திலும் தடம் பதித்தது.

வடிவங்கள்

சிலுவைப் பாதை

தமிழ்நாட்டுக் கத்தோலிக்கரிடையே மிகப் பரவலான வடிவம் சிலுவைப் பாதை ஆகும். கோயிலின் உட்சுவர்களில் பக்கத்திற்கு ஏழாகப் 14 படங்கள் அல்லது புடைப்புச் சிற்பங்கள் பதிக்கப்பட்டிருக்கும். ஒருவர் சிலுவை ஏந்த, இருவர் எரியும் திரிகளுடன் இருபுறமும் நிற்க, குழு நிலை நிலையாக நகரும். ஒவ்வொரு நிலையிலும் ஒரு முன்மொழி, மக்களின் பதில், சிறு சிந்தனை, மன்றாட்டு, முழந்தாட்படியிடுதல், அடுத்த நிலைக்குச் செல்லும்வரை பாடல் என்பது ஒழுங்கு. இதனை நடத்தக் குரு தேவையில்லை. ஆண்டுக்குச் சில முறையே குரு வந்து செல்லும் கிளைக் கிராமங்களில் இப்பக்தி வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணமாகும். எழுத்தறியாதவரும் படங்களைப் பார்த்தே முழு வரலாற்றையும் பின்தொடர முடியும்.

14 நிலைகளுள் எல்லாமே நற்செய்திகளில் உள்ளவை அல்ல. இயேசு மூன்று முறை விழுதல் (3, 7, 9), தாயைச் சந்தித்தல் (4), வெரோணிக்கா முகம் துடைத்தல் (6) ஆகிய ஐந்தும் மரபுவழி வந்தவை. 13ஆம் நிலையில் தாயின் மடியில் உடல் கிடத்தப்படும் காட்சியும் நற்செய்தியில் இல்லை. இதனைக் கருத்தில் கொண்டு திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1991இல் முழுவதும் விவிலிய நிகழ்வுகளைக் கொண்ட மாற்று வடிவம் ஒன்றைப் பயன்படுத்தினார். அது கெத்சமனித் தோட்டத்தில் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் பழைய வடிவமே பெருவழக்கு. விவிலியத்தில் இல்லாத அந்த ஐந்து நிலைகளில்தான் பெண்களின் அழுகை மிகுதியாக இருக்கும் என்பது சிலுவைப் பாதையில் கலந்துகொண்ட எவரும் அறிந்தது. மகன் சுமையோடு செல்வதைத் தெருவில் நின்று பார்க்கும் தாயைப் பற்றி விளக்கம் எதுவும் தேவைப்படுவதில்லை.

திறந்தவெளியில் அமைந்த சிலுவைப் பாதைகளுள் சென்னை பரங்கிமலைப் படிவழியில் உள்ளதும், வேளாங்கண்ணியில் பேராலயத்திற்கும் மாதா குளத்திற்கும் இடைப்பட்ட வழியில் உள்ளதும் பலரும் அறிந்தவை. வேளாங்கண்ணியில் நேர்ச்சையாக மணலில் முழந்தாளால் நகர்ந்து செல்வோரைக் காணலாம்.

வியாகுல மாதா

'வியாகுலம்' என்பது துயரத்தைக் குறிக்கும் வடசொல். மரியாவின் ஏழு வியாகுலங்களைத் தியானிப்பது திருப்பாடுகளின் தியானத்தோடு ஒட்டி வளர்ந்த பக்தி. வீரமாமுனிவர் (1680–1747) இயற்றிய அன்னை அழுங்கல் அந்தாதி, சிலுவையடியில் நின்ற தாயின் துயரைப் பாடும் சிற்றிலக்கியம் ஆகும். தேம்பாவணியின் ஆசிரியராகவே அறியப்படும் அவரது இச்சிறு நூல் உரிய கவனம் பெறவில்லை. அவர் கட்டிய கோணான்குப்பம் பெரியநாயகி அன்னை கோயில் இன்று கடலூர் மாவட்டத்தில், புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டத்தில் அமைந்துள்ளது.

வியாகுலப் பிரசங்கம்

இலங்கையில் ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க வழிபாடு தடை செய்யப்பட்டிருந்தது. அக்காலத்தில் கோவாவிலிருந்து மறைவாக வந்து பணியாற்றிய ஒரட்டோரியன் சபைக் குருக்களுள் யோசேப்பு வாஸ் (1651–1711) முதன்மையானவர். அவர் 2015 சனவரி 14 அன்று கொழும்பில் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவருக்குத் துணையாக 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் (1676–1742) தமிழிலும் சிங்களத்திலும் பல நூல்களை எழுதினார். அவருடைய வியாகுலப் பிரசங்கம் என்னும் நூல் இயேசுவின் பாடுகளைப் பற்றிய தொடர் பிரசங்கங்களின் தொகுப்பாகும். குரு இல்லாத ஊர்களிலும் ஒருவர் இசையோடு வாசிக்க மற்றவர் கேட்கும் வகையில் இந்நூல் பயன்பட்டது. தடை நீங்கிய பின்னரும் இவ்வாசிப்பு மரபாகத் தொடர்ந்தது. இந்நூலை இராகத்தோடு வாசிப்பது ஒரு தனித்திறனாகக் கருதப்படுகிறது.

பாஸ்கு நாடகம்

இயேசுவின் பாடுகளை நடித்துக் காட்டும் நாடகம் தமிழ்நாட்டில் பாஸ்கா அல்லது பாஸ்கு எனவும், இலங்கையில் பாஸ் அல்லது பாஸ்கு எனவும் வழங்கப்படுகிறது. மன்னார் மாவட்டத்தின் பேசாலையில் நடிகர்களுக்குப் பதிலாகப் பெரிய உருவங்களைக் கொண்டு நிகழ்த்தும் உடக்குப் பாஸ் என்னும் வடிவம் உள்ளது. யாழ்ப்பாணத்தில் 1965இல் மரியசேவியர் அடிகள் (1939–2021) தொடங்கிய திருமறைக் கலாமன்றம், திருப்பாடுகளின் நாடகங்களைத் தவக்காலத்தில் தொடர்ந்து மேடையேற்றியது. போர் நடந்த ஆண்டுகளிலும் இப்பணி தொடர்ந்தது. ஆட்கள் காணாமற்போன ஒரு நகரில், கைது செய்து கொண்டுசெல்லப்படும் ஒருவனின் கதையைப் பார்த்தவர்களுக்கு அது வெறும் பழங்கதையாக இருந்திருக்க முடியாது.

தென்னார்க்காட்டுப் பகுதி தெருக்கூத்தின் தாயகம். செஞ்சி வட்டாரத்துத் திரௌபதி அம்மன் விழாக்களில் பாரதக் கூத்தும் படுகளமும் பங்குனி முதல் ஆடி வரை நடைபெறுகின்றன. இதன் தொடக்கம் தவக்காலத்தோடு ஒட்டி வருகிறது. உளுந்தூர்ப்பேட்டை அருகிலுள்ள கூவாகத்தில் சித்திரை மாதத்தில் அரவானின் களப்பலிக்காக ஒப்பாரி வைக்கின்றனர். ஒருவரின் மரணத்தை ஊர் முழுவதும் கூடி நடித்து அழும் வழக்கம் இம்மண்ணில் இரு சமயத்தார்க்கும் பழகியது என்பதை இது காட்டுகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று இதனைக் கொண்டு முடிவு செய்ய இயலாது.

திரைப்படங்களும் இம்மரபில் சேர்ந்துள்ளன. தெலுங்கில் 1978இல் வெளிவந்த 'கருணாமயுடு' தமிழில் 'கருணாமூர்த்தி' என மொழிமாற்றம் செய்யப்பட்டு, ஊர்ப்புறங்களில் வெள்ளைத்திரை கட்டிப் பரவலாகக் காட்டப்பட்டது.

ஏழு வாக்கியங்கள்

தென்னிந்தியத் திருச்சபை, லுத்தரன் சபைகளில் புனித வெள்ளியன்று நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை மும்மணி ஆராதனை நடைபெறும். இயேசு சிலுவையில் மொழிந்த ஏழு வாக்கியங்களைப் பற்றி ஏழு செய்திகள் அளிக்கப்படும். ஏழு பேர், பெரும்பாலும் பொதுநிலையினரும், பகிர்ந்து பேசுவது வழக்கம். இம்முறை 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெரு நாட்டின் லீமா நகரில் இயேசு சபையினரால் தொடங்கப்பட்டது. கத்தோலிக்கத் துறவியர் தொடங்கிய ஒன்று, தமிழ்நாட்டில் சீர்திருத்தச் சபையினரின் அடையாளமாகவே மாறிவிட்டது வியப்புக்குரியது. ஆஸ்திரிய இசையமைப்பாளர் யோசப் ஹைடன் இவ்வழிபாட்டிற்காக இயற்றிய இசை ஸ்பெயினின் காதிஸ் நகருக்காக எழுதப்பட்டதாகும்.

தமிழ் இலக்கியத்தில்

1706இல் தரங்கம்பாடியில் தொடங்கிய லுத்தரன் மறைபணி, செருமானியப் பாடல்களைத் தமிழாக்கம் செய்வதில் ஆர்வம் காட்டியது. யோவான் பிலிப் பப்ரிசியுஸ் (1711–1791) மொழிபெயர்த்த ஞானப்பாட்டுகள் அவற்றுள் சிறந்தவை எனப் போற்றப்படுகின்றன. கருநாடக இசையில் அமைந்த கீர்த்தனைகளை இயற்றித் தமிழ்க் கிறித்தவ வழிபாட்டிற்குப் புதுத்திசை காட்டியவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). பாடுகளைப் பற்றிய பாடல்கள் அன்று முதல் ஞானப்பாட்டு, கீர்த்தனை என்னும் இரு வகையிலும் பாடப்பட்டு வருகின்றன.

எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 3766 பாடல்களைக் கொண்டது. ஜான் பன்யனின் உருவக நூலைத் தழுவியது. அதன் குமார பருவத்தில் உள்ள இரட்சணிய சரித படலம் இயேசுவின் இறுதி நிகழ்வுகளை விரித்துரைக்கிறது. இப்பகுதி தமிழ்நாட்டின் மேல்நிலைப் பள்ளித் தமிழ்ப் பாடநூலில் இடம்பெற்றதால், கிறித்தவரல்லாத மாணவர் பலரும் திருப்பாடுகளை முதலில் அறிவது கம்பன் நடையை ஒத்த இவ்விருத்தங்கள் வழியாகவே ஆகும்.

விழுப்புரம் வட்டாரத்தில்

முகையூர் விழுப்புரம் மாவட்டத்தில் திருக்கோவிலூருக்கு அருகில் உள்ள ஊர். அதே பெயர் கொண்ட ஊராட்சி ஒன்றியமும் உண்டு. இவ்வட்டாரத்துக் கத்தோலிக்கர் புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். இயேசு சபை 1773இல் கலைக்கப்பட்ட பின், 1776இல் இப்பணித்தளம் பாரிசு வெளிநாட்டு மறைபணிச் சபையினரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1886இல் புதுச்சேரி உயர்மறைமாவட்டம் ஆனது. 1953இல் கடலூரின் பெயரும் சேர்க்கப்பட்டது.

கத்தோலிக்கரோடு பிற சபையினரும் இங்கு வாழ்கின்றனர். டேனிய மறைபணிச் சபையின் உழைப்பால் உருவான ஆற்காடு லுத்தரன் திருச்சபைக்குத் திருக்கோவிலூர், கடலூர்ப் பகுதிகளில் சபைகள் உள்ளன. திண்டிவனத்தில் அமெரிக்க ஆற்காடு மறைபணியினர் தொடங்கிய பணி இன்று தென்னிந்தியத் திருச்சபையின் பகுதியாகும். எனவே ஒரே வெள்ளிக்கிழமை நண்பகலில், ஒரு கோயிலில் ஏழு வாக்கியங்களும் சற்றுத் தொலைவில் தெருவழியே பதினான்கு நிலைகளும் தியானிக்கப்படுவதை இப்பகுதி நகரங்களில் காணலாம்.

பெரிய வியாழன் மாலைத் திருப்பலியில் குரு பன்னிருவரின் பாதங்களைக் கழுவுவார். வானவர் கீதம் பாடியபின் கோயில் மணிகள் ஓய்ந்துவிடும். பாஸ்கா இரவு வரை மரத்தட்டைகளே ஒலிக்கும். நள்ளிரவு வரை நற்கருணை முன் குழுக்களாக விழித்திருப்பர். புனித வெள்ளியன்று திருப்பலி கிடையாது. பாடுகளின் வாசகம், பொது மன்றாட்டு, திருச்சிலுவை ஆராதனை, திருவிருந்து என்னும் ஒழுங்கில் வழிபாடு நடைபெறும். பல ஊர்களில் இறந்த இயேசுவின் திருவுருவத்தை இரவில் தெருக்கள் வழியே எடுத்துச் சென்று மக்கள் வணங்குவர்.

பவனியும் தெருவும்

திருப்பாடுகளின் பவனி தெருக்களின் வழியே செல்கிறது. எனவே எந்தத் தெரு, யார் தோளில் என்னும் கேள்விகள் இதனை விட்டு நீங்கியதில்லை. தமிழ்நாட்டுக் கத்தோலிக்க ஊர்கள் பலவற்றில் தலித் மக்களின் குடியிருப்புக்குத் தேரும் பவனியும் செல்லாமலிருப்பதும், கல்லறைகள் தனித்தனியே இருப்பதும் நீண்டகாலக் குறைகளாக உள்ளன.

இவ்வுயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில் இச்சிக்கல் கடுமையாக வெளிப்பட்டது. அப்போது விழுப்புரம் மாவட்டத்திலும், 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் உள்ள இவ்வூரில் வன்னியர், தலித் ஆகிய இரு தரப்பினரும் கத்தோலிக்கரே. தம் இறந்தோரின் உடலைப் பொதுத்தெரு வழியே எடுத்துச் செல்ல முடியவில்லை என்றும், தங்கள் பகுதியிலுள்ள கோயிலைத் தனிப் பங்காக அறிவிக்க வேண்டும் என்றும் கோரித் தலித் கத்தோலிக்கர் 2008 மார்ச் மாதத்தில் உண்ணாநிலைப் போராட்டம் தொடங்கினர். மார்ச் 9 அன்று மோதல் வெடித்தது. வீடுகள் தாக்கப்பட்டன. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் வன்னியர் தரப்பைச் சேர்ந்த இருவர் இறந்தனர். அந்நாள் அவ்வாண்டுத் தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. பழைய நாட்காட்டியின் பாடுகளின் ஞாயிறு.

திருச்சபைத் தலைமை சாதிப் பாகுபாட்டைப் பலமுறை கண்டித்துள்ளது. தமிழக ஆயர்கள் 2003 நவம்பரில் உரோமை சென்றபோது இரண்டாம் யோவான் பவுல் இதனை வெளிப்படையாகக் குறிப்பிட்டார். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 திசம்பரில் தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டது. ஊர் அளவில் மாற்றம் மெதுவாகவே நிகழ்கிறது.

இறையியலில் இக்கேள்வியை முன்வைத்தவர்களுள் அரவிந்த் நிர்மல் குறிப்பிடத்தக்கவர். 1980களில் தலித் இறையியலை வடிவமைத்த அவர், ஏளனமும் புறக்கணிப்பும் கைவிடப்படலும் இயேசுவின் பாடுகளின் சாரம் என்றும், அவை தலித் மக்களின் அனுபவமே என்றும் வாதிட்டார். மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு (பரட்டை அண்ணன்) இக்கருத்துகளை நாட்டுப்புற இசையில் வழிபாட்டிற்குக் கொண்டுவந்தார். இன்று பல பங்குகளில் சிலுவைப் பாதையின் சிந்தனைகள் ஆண்டுதோறும் புதிதாக எழுதப்படுகின்றன. நீர்ப் பற்றாக்குறை, குடிப்பழக்கம், பெண்கள் மீதான வன்முறை, சாதி ஆகியன நிலைகளின் பொருளாக இடம்பெறுகின்றன. பழைய நூலின் சொற்களையே விரும்பும் முதியோர் இதனை ஏற்பதில்லை.

விமரிசனங்கள்

திருப்பாடுகளின் தியானம் யூத வெறுப்புக்கு இடமளித்தது என்னும் குற்றச்சாட்டு வரலாற்று அடிப்படை உடையது. ஐரோப்பாவில் புனித வாரத்தில் யூதர் தாக்கப்பட்ட நிகழ்வுகள் பல. புனித வெள்ளி மன்றாட்டில் யூதரை இழித்துரைத்த சொல்லைத் திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் 1959இல் நீக்கினார். இயேசுவின் மரணத்திற்காக அக்கால யூதர் அனைவரையுமோ இக்கால யூதரையோ குற்றம் சாட்டலாகாது என 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. செருமனியின் ஓபரம்மெர்காவ் ஊரில் 1634 முதல் நடைபெறும் பாடுகளின் நாடகமும் இதன்பின் திருத்தப்பட்டது. யூதரை நேரில் கண்டிராத தமிழ் ஊர்களின் பாஸ்கு நாடகங்களிலும் யூதக் குருக்கள் வெறும் கொடியவராகவே சித்திரிக்கப்படுவது உண்டு. இவற்றின் உரைகளைத் திருத்துவதற்குப் போதிய முயற்சி நடந்ததாகக் கூற முடியாது.

துன்பத்தை அதற்காகவே போற்றும் போக்கு மற்றொரு விமரிசனம். பிலிப்பைன்சின் பம்பாங்கா மாநிலத்தில் புனித வெள்ளியன்று சிலர் தம்மைச் சிலுவையில் அறையச் செய்துகொள்கின்றனர். அந்நாட்டு ஆயர்கள் இதனை ஏற்பதில்லை. தமிழ்நாட்டில் இத்தகைய வழக்கம் இல்லை. ஆனால் அடிக்கும் கணவனோடு வாழும் பெண்ணிடம் 'சிலுவையைச் சுமந்துகொள்' என்று அறிவுரை கூறுவது இதே போக்கின் வேறொரு வடிவம் எனப் பெண்ணிய இறையியலாளர் சுட்டுகின்றனர்.

2020இல்

கோவிட்-19 பெருந்தொற்றின்போது 2020 ஏப்பிரல் 10 அன்று புனித வெள்ளி வந்தது. பொதுமுடக்கத்தால் தமிழ்நாட்டின் கோயில்கள் மூடப்பட்டிருந்தன. குடும்பங்கள் தொலைக்காட்சி, செல்லிடப்பேசி வழியாக வழிபாட்டில் கலந்துகொண்டன. வழக்கமாகக் கொலோசேயத்தில் நடைபெறும் திருத்தந்தையின் சிலுவைப் பாதை, அவ்வாண்டு மக்களின்றிப் புனித பேதுரு சதுக்கத்தில் நடைபெற்றது. அதற்கான சிந்தனைகளை இத்தாலியின் பதுவா நகரச் சிறைவாசிகளும் சிறைப் பணியாளரும், குற்றங்களால் பாதிக்கப்பட்ட குடும்பத்தினரும் எழுதியிருந்தனர்.